ஆஸ்பத்திரி வாசலில் சட்டம்

வீதியில் ஒருவன் அடிபட்டு வீழ்கிறான். வழியே போகும் நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அங்கே வாசலில் அவர்களை எதிர்கொள்வது சிகிச்சையா, கேள்வியா? முன்பணம் கட்டுவது யார்? போலீசாருக்குத் தகவல் கொடுத்தாயிற்றா? இவன் உங்களுக்கு என்ன உறவு? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் வரையில் இரத்தம் நின்றுகொண்டிராது. வைத்தியசாலைகளைப் பற்றி நமது தேசத்தில் இயற்றப்பட்டிருக்கும் சட்டங்கள் யாவும் மெய்யாகப் பரீட்சிக்கப்படும் இடம் இந்த வாசலே என்பது நமது அபிப்பிராயம்.

இது எங்கோ எப்போதோ அபூர்வமாக நேரும் காரியமன்று. 2022-ஆம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவின் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது இந்திய சர்க்கார் தாமே வெளியிட்ட கணக்கு. அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டுச் சாலைகளில் உயிர் நீத்தவர்கள். விபத்துக்களின் தொகையிலோ, 64,105 என்னும் எண்ணிக்கையோடு தமிழ்நாடே அவ்வருஷம் தேசத்தில் முதலிடம் பெற்றது. இந்த முதன்மையில் யாரும் பெருமை கொள்ளமாட்டார்கள். மேலும், அவசரம் என்பது சாலை விபத்து ஒன்று மட்டுமன்று. பிரசவ வேதனையில் வரும் பெண்ணும், மார்பைப் பிடித்துக்கொண்டு வரும் முதியவரும், வயலில் பாம்பு கடித்த விவசாயியும் இதே வாசலில்தான் வந்து நிற்கிறார்கள்.

இந்நாளில் ஓர் ஆஸ்பத்திரியை நடத்துவோர் அநுசரிக்க வேண்டிய சட்டங்கள் கொஞ்சமல்ல. மருந்துகளைப் பற்றி 1940-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. கருவிலுள்ள சிசு ஆணா பெண்ணா என்று சொல்லலாகாது என்னும் சட்டமும், உறுப்பு மாற்றுச் சிகிச்சையை ஒழுங்கு செய்யும் சட்டமும் 1994-ல் உண்டாயின. இரத்தம் தோய்ந்த பஞ்சையும் உபயோகித்த ஊசியையும் எந்த நிறப் பையில் இட வேண்டுமென்பதை 2016-ஆம் வருஷத்து விதிகள் வகுத்துரைக்கின்றன. மனநோயாளரின் உரிமைகளை 2017-ஆம் வருஷத்துச் சட்டம் விஸ்தாரமாகக் கூறுகிறது. இவையன்றி எக்ஸ்-ரே யந்திரத்துக்கு ஓர் அநுமதி, தீயணைப்பு இலாகாவின் அத்தாட்சி, மின்தூக்கிக்கு ஒரு லைசென்சு என்று ஜாபிதா நீண்டுகொண்டே போகிறது.

இவற்றை வீண் தொல்லையென்று சலித்துக்கொள்வோர் உண்டு. நாம் அவர்களோடு சேரமாட்டோம். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ராமநாதபுரம் ஜில்லாவின் ஏர்வாடியில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்பியோட வழியின்றித் தீக்கிரையானார்களே, அப்பொழுது மனநோய் விடுதிகளுக்கு லைசென்சு வேண்டுமென்னும் 1987-ஆம் வருஷத்துச் சட்டம் இல்லாமலா இருந்தது? சட்டம் இருந்தது, கண்காணிப்பு இல்லை. 2011-ஆம் வருஷம் டிசம்பரில் கல்கத்தாவின் பெரிய தனியார் ஆஸ்பத்திரியொன்றில் நிலவறையிலிருந்து கிளம்பிய புகை, படுத்த படுக்கையாயிருந்த நோயாளிகளின் உயிரைக் குடித்தது. மாண்டவர் சுமார் 90 பேர். விதியை அற்பமென்று தள்ளியதற்கு இவ்விரண்டு இடங்களிலும் விலை கொடுத்தவர்கள் விதியை மீறியவர்கள் அல்லர், நோயாளிகளே. ஆகையால் விதிகள் வேண்டும். அவை நடைமுறையிலும் இருக்கவேண்டும்.

ஆயினும், இத்தனை விதிகளுக்கும் முந்தியதொரு கடமை இருக்கிறது. அதற்கு அத்தாட்சிப் பத்திரம் கிடையாது. கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட இயலாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவனை முதலில் ஏற்றுக்கொள்வது, மற்றதைப் பிறகு பார்ப்பது என்பதே அந்தக் கடமை. இதை வெறும் தருமம் என்று எண்ணி இருப்போர் பலர். இது தருமம் மட்டுமன்று, சட்டமுமாகும். வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கலாம். தூக்கிக்கொண்டு ஓடும் நாலு பேருக்கும் தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காகவே அதன் வரலாற்றைச் சிறிது விவரிக்கிறோம்.

ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் மோட்டார் வண்டியால் மோதப்பட்டு வீழ்ந்தார். அவரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றபோது, போலீஸ் வழக்குக்குரிய காயங்களைக் கவனிக்க அதிகாரம் பெற்ற ஆஸ்பத்திரி வேறு என்றும், அது 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறதென்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. பத்திரிகையில் வந்த இச்செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு பரமானந்த கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டின் படியேறினார். 1989-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியாயினும் தனியார் ஆஸ்பத்திரியாயினும், உயிரைக் காக்கத் தமது திறமை முழுவதையும் உபயோகிப்பது ஒவ்வொரு வைத்தியரின் கடமை. இதைத் தாமதப்படுத்தும் எந்தச் சட்டமும் எந்த நடைமுறையும் செல்லாது. அரசியல் சாசனத்தின் 21-வது ஷரத்து உயிரைக் காக்கும் பொறுப்பைச் சர்க்காரின்மீது சுமத்துகிறது என்று நீதிபதிகள் ஐயத்துக்கு இடமின்றி உரைத்தார்கள். இத்தீர்ப்பை ரேடியோ மூலமும் தொலைக்காட்சி மூலமும் பரப்பவேண்டுமென்றும் சொன்னார்கள்.

இதைப் பின்பற்றி 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு திருத்தப்பட்டது. விபத்தில் காயமுற்றவரைச் சம்பிரதாயங்கள் எவற்றுக்கும் காத்திராமல் உடனே கவனித்துச் சிகிச்சை செய்வது வைத்தியரின் கடமை என்று சட்டப் புத்தகமே இப்போது சொல்லுகிறது. சம்பிரதாயங்களுக்குக் காத்திராமல் என்பதை நமது வாசகர்கள் நன்றாய் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். போலீஸ் தகவலும் சம்பிரதாயந்தான், முன்பணமும் சம்பிரதாயந்தான்.

தனியார் ஆஸ்பத்திரிகளை மாத்திரம் குற்றஞ் சொல்லுவோமாயின் அது அநீதியாகும். 1992-ஆம் வருஷம் ஜூலை மாதம் 8-ந் தேதி இரவு, வங்காளத்தில் மதுராபூர் ஸ்டேஷனருகே ஒரு தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் கடுங்காயம் அடைந்தார். அவரை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்நகரத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றல்ல, பல. ஓரிடத்தில் படுக்கை காலியில்லை என்றார்கள்; வேறோரிடத்தில் அச்சிகிச்சைக்கு வசதியில்லை என்றார்கள். இரவெல்லாம் வாசல் வாசலாக அலைந்தபின், கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியொன்றில் சேர்ந்து சுமார் 17,000 ரூபாய் செலவில் அவர் பிழைத்தார். அவர் சார்ந்திருந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996-ல் கோர்ட்டார் சர்க்காருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு விதித்தார்கள். தொகை சிறிது, ஆனால் அதனோடு சொன்ன காரணம் பெரிது. கஜானாவில் பணமில்லை என்று சொல்லி ஏழைக் குற்றவாளிக்கு இலவசச் சட்ட உதவியை மறுக்கச் சர்க்காருக்கு உரிமை இல்லையல்லவா? அதேபோல, பணமில்லை என்று சொல்லி உயிர் காக்கும் சிகிச்சையையும் மறுக்க முடியாது என்றார்கள். எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை காலி என்பதை உடனே அறியத்தக்க பொதுத் தகவல் ஏற்பாடு ஒன்று வேண்டுமென்றும் அப்போதே கட்டளையிட்டார்கள்.

பின்னும் சட்டங்கள் வந்தன. 2002-ஆம் வருஷத்து வைத்திய ஒழுக்க விதிகள், எந்த நோயாளிக்குச் சிகிச்சை செய்வது என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தை வைத்தியருக்கு அளித்தாலும், அவசர வேளையில் அந்தச் சுதந்திரத்தை ஒதுக்கிவைக்கின்றன. 2006-ல் சட்டக் கமிஷன் தனது 201-வது அறிக்கையில், விபத்துக்குள்ளானவர்களையும் பிரசவ வேதனையிலுள்ள பெண்களையும் பணமில்லையென்றோ போலீஸ் வழக்கென்றோ காரணங் காட்டித் திருப்பியனுப்பலாகாது என்று ஒரு மாதிரிச் சட்டத்தையே எழுதிக் கொடுத்தது. 2010-ஆம் வருஷத்து மருத்துவ நிலையங்கள் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில், கையிலுள்ள சிப்பந்திகளையும் வசதிகளையும் கொண்டு நோயாளியின் நிலையை ஸ்திரப்படுத்துவது பதிவு பெறுவதற்குரிய நிபந்தனைகளில் ஒன்று. பலாத்காரத்துக்கோ திராவக வீச்சுக்கோ ஆளானவர்களுக்கு உடனே இலவசச் சிகிச்சை தர மறுக்கும் ஆஸ்பத்திரிப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைவாசம் விதிக்கலாமென்று 2024-ல் அமுலுக்கு வந்த நியாய சம்ஹிதையும் கூறுகிறது.

ஆக, சட்டத்துக்குப் பஞ்சமில்லை. பின் எதற்குப் பஞ்சம்?

இங்கேதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. சட்டம் நடப்பது சாட்சியத்தால். கோர்ட்டுக்கு ஒரு தஸ்தாவேஜு வேண்டும். ஓர் ஆஸ்பத்திரி தான் சேர்த்துக்கொண்ட நோயாளியைப் பற்றி எத்தனையோ எழுதி வைக்கிறது: வந்த நேரம், நாடித் துடிப்பு, கொடுத்த மருந்து, வாங்கிய பணம். அந்தக் குறிப்புகளை 3 வருஷம் பாதுகாக்கவேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று மேற்சொன்ன ஒழுக்க விதிகள் வற்புறுத்துகின்றன. ஆனால் திருப்பியனுப்பப்பட்ட நோயாளியைப் பற்றி ஆஸ்பத்திரியில் என்ன குறிப்பு இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. வாசலில் நின்ற காவல்காரன் கையை அசைத்தான், வண்டி திரும்பிற்று, அவ்வளவே. அவன் அங்கே வந்தான் என்பதற்கே அத்தாட்சி கிடையாது. சேர்க்கப்பட்டவனுக்குச் சட்டத்தின் கண்ணில் ஓர் உருவம் உண்டு, திருப்பப்பட்டவன் உருவமற்றவன். வழக்காட வேண்டியவர்களோ ஈமக்கடன் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்கு மாறாக ஓர் உதாரணம் உண்டு. 2001-ஆம் வருஷம் கல்கத்தாவில் காலேஜ் மாணவர் ஒருவர் பஸ் மோதிக் காயமுற்றார். அருகிலிருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை தொடங்கினார்கள். உடனே 15,000 ரூபாய் கட்டும்படி கேட்டார்கள். அவ்வளவு பணம் அப்போது வரவில்லை, சிகிச்சை நின்றது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாணவர் இறந்தார். பெற்றோர் தளராமல் வழக்காடினார்கள். 2005-ல் தேசிய நுகர்வோர் கமிஷன் 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. பணம் கொடாதவன் நுகர்வோனே அல்லன் என்னும் வாதம் எடுபடவில்லை. ஆனால் தேசம் முழுவதிலும் எத்தனை பெற்றோர் இவ்வாறு நாலு வருஷம் வழக்காடும் வல்லமையுடையவர்கள்?

ஆகவே நாம் கேட்பது புதியதொரு பெருஞ் சட்டமன்று. ஒரு நோட்டுப் புத்தகம் கேட்கிறோம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், சர்க்காருடையதாயினும் தனியாருடையதாயினும், திருப்பியனுப்பியோர் பதிவேடு ஒன்று வைத்துக்கொள்ளவேண்டும். அவசர நிலையில் வந்து சேர்க்கப்படாத ஒவ்வொருவரையும் பற்றி வந்த நேரம், பார்த்த வைத்தியரின் பெயர், கண்ட நிலை, செய்த முதலுதவி, அனுப்பியதற்குக் காரணம், எங்கே எந்த வண்டியில் அனுப்பப்பட்டார் என்னும் விவரங்களை அதில் எழுதி, வைத்தியர் கையொப்பமிடவேண்டும். அதன் நகல் ஒன்றை நோயாளியோடு கொடுத்தனுப்பவேண்டும். நகல் கொடாமல் அனுப்புவதே தனிக் குற்றமாகவேண்டும்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். முதலாவது, நியாயமான காரணத்தால் அனுப்பும் வைத்தியருக்கு அதுவே கவசம். மூளை அறுவைக்கு வசதியில்லாத சிறிய ஆஸ்பத்திரி, இரத்தத்தை நிறுத்தி, சுவாசப் பாதையைச் சீர்செய்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அனுப்பியதாக எழுதி வைத்தால் அதை யார் குறைகூற முடியும்? இரண்டாவது, நியாயமற்ற காரணத்தை எழுதக் கை கூசும். பணமில்லாததால் அனுப்பினோம் என்று எழுதிக் கையொப்பமிடத் துணியும் வைத்தியர் நமது தேசத்தில் இல்லை. எழுதக் கூசும் காரியத்தைச் செய்யவும் கூசவேண்டும். அதற்காகவே எழுதச் சொல்லுகிறோம். மூன்றாவது, அடுத்த ஆஸ்பத்திரியின் வைத்தியர் இருட்டில் தடவவேண்டியதில்லை. முன்னர் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது அவர் கையில் இருக்கும். நாலாவது, பரிசோதனைக்கு வரும் அதிகாரி சுவரிலுள்ள அத்தாட்சிகளை எண்ணிவிட்டுக் காபி அருந்திப் போகாமல், ஒரு மாதத்தில் எத்தனை பேர் திருப்பப்பட்டார்கள், ஏன் திருப்பப்பட்டார்கள் என்று பார்க்கலாம். படுக்கை எங்கே குறைவு, நிபுணர் எங்கே இல்லை என்பது சர்க்காருக்கும் இதனால் விளங்கும்.

இனி வைத்தியர்களின் ஆக்ஷேபணைகளைக் கேட்போம். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது யோக்கியமன்று.

செலவை யார் தாங்குவது என்பது அவர்களுடைய முதற்கேள்வி. இது நேர்மையான கேள்வி. கடமையை விதித்துவிட்டுச் செலவுக்கு வழி சொல்லாத சட்டம் மீறப்படுவதற்கென்றே பிறந்த சட்டமாகும். அமெரிக்காவில் 1986-ல் இதே நோக்கத்தோடு ஒரு சட்டம் செய்தார்கள். அவசரமாக வந்தவனைப் பரிசோதிக்கவேண்டும், நிலையை ஸ்திரப்படுத்தவேண்டும், அனுப்பினால் முறைப்படி அனுப்பவேண்டும் என்று மூன்று கடமைகளை அழகாக வகுத்தார்கள். ஆனால் அதற்கென்று பணம் ஒதுக்கவில்லை. அந்தக் குறையைப் பற்றிய முறையீடு அங்கே இன்னும் ஓயவில்லை. நமது தேசத்தில் ராஜஸ்தான் சட்டசபை 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஆரோக்கிய உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது, தனியார் வைத்தியர்கள் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். எது அவசரம், பணம் எப்போது வரும் என்பவை தெளிவாயில்லை என்பது அவர்களுடைய வாதங்களில் முக்கியமானது. முடிவில், 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரிகளை விலக்க அந்தச் சர்க்கார் உடன்பட்டார்கள். உரிமையைப் பறைசாற்றுவது எளிது, அதற்குப் பணம் கட்டுவது அரிது என்பதை இந்நிகழ்ச்சி நன்கு விளக்குகிறது.

தமிழ்நாட்டில் இவ்விஷயத்தில் செய்திருப்பது பாராட்டத்தக்கது. 2021-ஆம் வருஷம் டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரையில் சர்க்காரே செலுத்துவதென்று ஏற்பட்டது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும். அடிபட்டவர் எந்த ஊரார், எந்த மாநிலத்தார் என்று பார்ப்பதில்லை. இந்திய சர்க்காரோ, 2019-ல் திருத்திய மோட்டார் சட்டத்தில் காயமுற்ற முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரமென்று வர்ணித்து, அந்நேரத்தில் பணமின்றிச் சிகிச்சை பெறத் திட்டம் வகுப்பதாக எழுதி வைத்தார்கள். அப்பிரிவு 2022-ல் அமுலுக்கு வந்தது; திட்டம் வரவில்லை. கோயம்புத்தூர் எலும்பு வைத்தியர் ஒருவர் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் 2025-ஆம் வருஷம் ஜனவரியில் கெடு விதித்துக் கண்டித்த பிறகே, அவ்வருஷம் மே மாதத்தில், நபர் ஒருவருக்கு 1,50,000 ரூபாய் வரை, 7 நாள் வரையில் என்று திட்டம் பிரசுரமாயிற்று. ஒரு மணி நேரத்தின் அருமையைப் பேசும் சட்டத்துக்கு உயிர் வர மூன்று வருஷம் பிடித்தது.

தாமதம் தில்லியின் தனிச்சொத்தன்று. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்கு செய்யும் சட்டம் 1997-லேயே நிறைவேறியது. அதை நடத்துவதற்குரிய விதிகள் வெளிவந்தது 2018-ல். இடையே 21 வருஷம். அந்தச் சட்டம் நிறைவேறிய அன்று பிறந்த குழந்தை விதிகள் வருமுன் வயது வந்து வோட்டும் போட்டிருக்கும். சர்க்கார் தமது கடமையில் 21 வருஷம் தாமதிக்கலாம், வைத்தியர் மாத்திரம் 21 நிமிஷமும் தாமதிக்கலாகாது என்று சொல்லுவதற்கு நமக்கே நா எழவில்லை. ஆகையால் பதிவேட்டைக் கேட்கும் அதே மூச்சில் இதையும் கேட்கிறோம்: அவசரச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரி செலவிட்ட பணத்தை இத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுப்போமென்று சர்க்கார் கெடு குறிக்கவேண்டும், கெடு தவறினால் வட்டி கொடுக்கவேண்டும். விபத்துக்கு மாத்திரமின்றிப் பிரசவம், மாரடைப்பு, விஷக்கடி ஆகியவற்றுக்கும் அந்நிதி பயன்படவேண்டும்.

வைத்தியர்களின் இரண்டாவது ஆக்ஷேபணை அச்சம். ஏற்றுக்கொண்ட நோயாளி இறந்தால் வழக்கு வரும், கூட்டம் வரும், கண்ணாடி உடையும் என்கிறார்கள். வழக்கைப் பற்றிய அச்சத்துக்கு 2005-ல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் சுப்ரீம் கோர்ட் மருந்து கொடுத்திருக்கிறது. சாதாரணத் தவறு கிரிமினல் குற்றமாகாது. மிகக் கொடிய அலட்சியம் இருந்தால்தான் குற்றம். வேறொரு தகுந்த வைத்தியரின் அபிப்பிராயத்தைப் பெறாமல் வழக்குத் தொடரலாகாது. வழக்கமாகக் கைது செய்வதும் கூடாது. காப்பாற்ற முயன்று தோற்றவனை சட்டம் தூக்கில் போடுவதில்லை. முயலாதவனைத்தான் கேள்வி கேட்கிறது. கூட்டத்தைப் பற்றிய அச்சத்துக்கோ, ஆஸ்பத்திரிகளில் வன்முறையைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. அச்சட்டத்தையும் போலீசார் காகிதத்தோடு விடாமல் நடத்தவேண்டும். வைத்தியரை அடிக்கும் ஊரில் வாசல் திறக்காது.

இனி ஆஸ்பத்திரிகளை நடத்துவோருக்கு ஒரு வார்த்தை. சட்டம் வரட்டும் என்று காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. அவசர நோயாளியை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவல்காரனுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் இல்லை, பணியிலுள்ள வைத்தியருக்கே உண்டு என்று எழுத்து மூலம் கட்டளையிடுங்கள். போலீசுக்குத் தகவல் அனுப்புவது ஆஸ்பத்திரியின் வேலை. நோயாளியைக் கொண்டுவந்தவரின் வேலையன்று. தூக்கி வந்தவரைப் பெயர் சொல்லும்படியோ பணம் கட்டும்படியோ கட்டாயப்படுத்தாதீர்கள். அப்படிப்பட்ட நல்லவரைப் பாதுகாக்கும் பிரிவு மோட்டார் சட்டத்தில் 2019-லேயே சேர்ந்துவிட்டது. அவருடைய உரிமைகளை வட்டார மொழியில் எழுதி வாசலில் மாட்டவேண்டும் என்பது 2020-ஆம் வருஷத்து விதி. உங்கள் வாசலில் அந்தப் பலகை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கடைசியாகப் பொது ஊழியர்களுக்கும் சங்கங்களுக்கும் சொல்லுகிறோம். ஒருவன் மாண்டபின் ஆஸ்பத்திரியின் முன் சாலையை மறிப்பதால் மாண்டவன் மீளான்; பின்னால் வரும் ஆம்புலன்ஸும் நிற்கும். அதற்கு முன் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. அது கோஷத்தைவிடக் கடினம். உங்கள் ஊரிலுள்ள ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பகல் வேளையில் அமைதியாகச் செல்லுங்கள். உரிமைப் பலகை இருக்கிறதா, இரவில் பணியிலுள்ள வைத்தியர் யார், சர்க்கார் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்டு எழுதி வாருங்கள். அப்பட்டியலை டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் ஒட்டுங்கள். அடிபட்டவனை முதலில் தூக்குபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். எங்காவது ஒருவன் திருப்பப்பட்டால், சச்சரவு செய்யாமல், மறுப்பை எழுதித் தரும்படி கேளுங்கள். வைத்தியரின் பெயரையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதித் தாருங்கள் என்ற ஒரு சொல்லுக்குப் பல வாசல்கள் திறக்கும் என்பது எமது நம்பிக்கை.

திருப்பியனுப்பியோர் பதிவேட்டைக் கட்டாயமாக்க ஒரு சர்க்கார் உத்தரவும், செலவைத் திருப்பித் தரும் நாளைக் குறிக்க இன்னோர் உத்தரவும் போதும். வரும் பட்ஜெட் கூட்டத்தில் இவ்விரண்டையும் எந்தக் கட்சி அங்கத்தினர் எழுப்புகிறார் என்று நாம் கவனித்துக்கொண்டிருப்போம். எழுப்புகிறவரின் கட்சி எதுவாயினும் நமது பத்திரிகையின் ஆதரவு அவருக்கு உண்டு.